ஓலைப்பெட்டியா, அலுமினியச் சட்டியா, பிளாஸ்டிக் கிரேட்டா?

மீன்கூடை என்றால் ஒரே கூடை இல்லை. நெல்லை, குமரிப் பக்கம் பனையோலைப் பெட்டியும் கடவமும். யாழ்ப்பாணத்தில் கடகம், கையில் தொங்கவிட்டுப் போக உமல். மூங்கில் கிடைத்த ஊர்களில் மூங்கில் கூடை. இவற்றின் இடத்தில்தான் இப்போது அலுமினியச் சட்டியும் பிளாஸ்டிக் கிரேட்டும் உட்கார்ந்திருக்கின்றன.

மீன் தன் ரத்தநீரிலேயே ஊறிக் கிடந்தால் சீக்கிரம் கெடும். ஓலைப் பின்னலில் அந்த நீர் தானாக வடிந்துவிடும், காற்றும் புகும். சட்டியில் போக்கிடம் கிடையாது. வெயில் ஏறினால் சட்டியும் சூடாகும். இவ்வளவுதான் கணக்கென்றால் ஓலைப்பெட்டியைத் தோற்கடிக்க ஆளில்லை. ஆனால் வடிகிற நீர் எங்கே போகிறது? சும்மாட்டை நனைத்து, சுமக்கும் பெண்ணின் கழுத்து வழியாக முதுகில். பஸ் ஏறினால் தரையில். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை நாற்றம் என்று சொல்லிப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது நினைவிருக்கலாம். தினமும் பஸ்ஸை நம்பிப் பிழைப்பவர் ஒழுகாத சட்டிக்கு மாறினால், அவரிடம் போய்ப் பாரம்பரியம் பேச எனக்கு வாய் வராது.

கிரேட் படகுக்கும் லாரிக்கும் பிறந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், ஐஸ் போடலாம், உருகிய நீர் ஓட்டை வழியே இறங்கிவிடும். தலைச்சுமைக்கு மட்டும் ஆகாது. ஓலைப்பெட்டி சும்மாட்டில் பொருந்தி உட்காரும். கிரேட்டின் மூலை குத்தும்.

கழுவுவதில் ஓலைக்குத் தோல்விதான், மழுப்ப ஒன்றுமில்லை. பின்னலின் இடுக்கில் செதிலும் வழுவழுப்பும் தங்கும். எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகாது. ஏற்றுமதி ஆலைகள் நீர் உறிஞ்சாத, வழவழப்பான பாத்திரங்களையே கேட்பதற்குக் காரணம் இதுதான்.

கருவாட்டுக்கு வந்தால் கதை மாறுகிறது. உப்பு அலுமினியத்தை அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி போடும். மூடிய பிளாஸ்டிக்கில் கருவாடு வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஓலைப்பெட்டி ஈரத்தை வெளியே விட்டுவிடும். கருவாட்டுக்கு நான் வேறொன்றைத் தேடவே மாட்டேன்.

பெட்டி கிடைப்பதுதான் இனி பாடு. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மரம் நின்றால் மட்டும் போதாதே. ஏறி ஓலை வெட்டவும், நார் கிழிக்கவும், உட்கார்ந்து முடையவும் கை வேண்டும். அந்தக் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கிரேட்டுக்கு அந்தக் கவலை இல்லை. விளிம்பு பிய்ந்த பெட்டியை நாரால் கட்டி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம், அதுவும் முடியாவிட்டால் தென்னை மூட்டில் போட்டு மக்கவிடலாம். உடைந்த கிரேட்டோ ஆண்டுக்கணக்கில் கடற்கரையிலேயே கிடக்கும்.