கடலடிப் படைக்கு எந்த விலங்கு?

கடலுக்கடியில் ஒரு ராஜ்ஜியம். டைனோசர் காலத்துக் கடல் ஊர்வன அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குதிரைக்குப் பதிலாக எதற்குச் சேணம் பூட்டலாம்?

கேட்டால் பலரும் டைலோசாரஸ் என்பார்கள். மோசசார் என்ற ராட்சதக் கடல்பல்லி இனம், 12 மீட்டர் வரை நீளம். அண்ணத்திலும் பல் இருப்பதால் கவ்வியது நழுவாது. வாலால் நீந்துவதால் முன்னுடம்பு அதிகம் ஆடாது, பாகன் தைரியமாக உட்காரலாம். சிக்கல் அதன் பசிதான். 1918-இல் கான்சாஸில் கிடைத்த ஒரு டைலோசாரஸின் வயிற்றுக்குள் பிளீசியோசார் என்ற இன்னொரு கடல் ஊர்வனவின் எலும்புகள் இருந்தன. யானைக்கு மதம் பிடித்தால் சொந்தப் படையை மிதிக்கும். இது பக்கத்து வரிசையைத் தின்றே விடும்.

அந்தப் பக்கத்து வரிசையில் நீண்ட கழுத்துப் பிளீசியோசாரான எலாஸ்மோசாரஸ் நின்றால் இன்னும் மோசம். கழுத்தில் மட்டும் 70-க்கு மேல் எலும்புகள். எதிரி வாளுக்கு இதைவிடச் சௌகரியம் வேண்டுமா? 1868-இல் எட்வர்ட் கோப் என்ற அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளரே இதன் தலையை வால் நுனியில் ஒட்டி மானம் இழந்தார். நான்கு துடுப்புகளும் அடித்துக்கொண்டே இருக்கும், சேண வாரை எங்கே இழுத்துக் கட்டுவது? ஊர்வலத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

ஆர்கெலான் என்ற ராட்சத ஆமை பேச்சுக்கே இல்லை. முட்டையிடக் கரையேற வேண்டும். படையின் அடுத்த தலைமுறையை எதிரி மணலிலேயே தோண்டி எடுத்துவிடுவான்.

என் ஓட்டு மீன் வடிவக் கடல் ஊர்வனவான இக்தியோசாருக்கு. பெரம்பலூர் பக்கம் காரை என்ற ஊரில் இந்த இனத்தின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன, அந்தப் பாசமும் கொஞ்சம் உண்டு. ஆனால் காரணம் கண். இந்த இனத்தைச் சேர்ந்த டெம்னோடொன்டோசாரஸின் கண் சுமார் 25 சென்டிமீட்டர் அகலம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. கடலடிப் போர் இருட்டில் நடக்கும். அங்கே பல்லைவிடப் பார்வைதான் பெரிது. இந்த இனத்தில் பலவற்றுக்கு உடல் சூரை மீன் வாட்டம், பாய்ந்து போகும். தண்ணீருக்குள்ளேயே குட்டி போடும், ஆகவே லாயம் கீழேயே இருக்கலாம். மோசசாரும் அப்படித்தான், ஆனால் அந்தப் பசியோடு லாயத்தில் யார் கட்டிப்போடுவது?

சரி, இதற்கும் குறை உண்டு. இவை எல்லாமே நுரையீரலால் மூச்சு விடுபவை. ஆழத்திலிருந்து வேகமாக மேலேறும் முக்குளிப்பவர்களுக்கு வருகிற எலும்புச் சேதத்தின் தடயம் இக்தியோசார் எலும்புகளிலும் தெரிகிறது. அதனால் நான் எதிரித் தளபதியாக இருந்தால் கீழே இறங்கிச் சண்டையே போட மாட்டேன். மேற்பரப்பில் வலை விரித்துக் காத்திருப்பேன்.