காட்டோ யூனிட்ராக்: சின்ன வீட்ல ரயில் ஓட்ட

வீட்ல மாடல் ரயில் லேயவுட் போடணும்னா நான் முதல்ல சொல்றது ஜப்பான் காட்டோ கம்பெனியோட யூனிட்ராக்ங்கிற மாடல் தண்டவாளம் தான். நான் சொல்றது 'N' கேஜ்ங்கிற சின்ன அளவு, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல வெறும் 9 மிமீ. ஜல்லி மேடை ட்ராக்கோடவே சேர்ந்து வருது, யூனிஜாயினர்னு கிளிப் இருக்கு, டக்குனு மாட்டலாம், கரன்ட்டும் அது வழியாவே போயிடுது, அதனால ஆணியே அடிக்காம தரையில போட்டு ஓட்டிட்டு ராத்திரி கழட்டி வச்சுடலாம், வாடகை வீட்டுக்கு செம வசதிங்க!! 315 மிமீ ரேடியஸ்ல முழு வட்டமே ரெண்டரை அடி பலகைல அடங்கிடும். இஷ்டத்துக்கு வளைக்கணும்னா மட்டும் ஃப்ளெக்ஸ் ட்ராக் தான் சரி. தண்டவாளத்த அப்பப்ப ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைச்ச துணியால துடைங்க, அழுக்கு சேந்தா எஞ்சின் திக்கித் திக்கி ஓடும். முதல்ல ஓவல் செட் போதும், ரயில் தடம் மாத்துற பாயின்ட்லாம் அப்புறமா சேத்துக்கலாம்.