லாரி முதுகா, திருஷ்டி பொம்மையா?

தெருவில் நடக்கையில், கையால் வரைந்த படங்களைத் தேடும் என் கண் இரண்டு இடங்களில் நின்றுவிடும். இரண்டில் எது மேல்? ஒன்று, லாரியின் பின்புறம். நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் பாடி கட்டி, கையால் தீட்டிய தாமரையும் மயிலும். அழகுதான், ஆனால் சிக்னல் பச்சையானதும் போய்விடும். ஸ்டிக்கர் வந்தபின் கைவண்ணமும் குறைந்துவருகிறது.

மற்றது, கட்டி முடியாத வீட்டில் தொங்கும் திருஷ்டி பொம்மை. வைக்கோல் அடைத்த பழைய பேன்ட், சட்டை. தலைக்கு ஒரு பானை. அதில் முட்டைக்கண், காதுவரை மீசை, வெளியே நீட்டிய நாக்கு. பயமுறுத்தத்தான் வரைகிறார்கள், குழந்தைகளோ பார்த்துச் சிரிக்கிறார்கள். வரைந்தவர் பல சமயம் ஓவியரே அல்ல, அங்கே வேலைக்கு வந்த கொத்தனாரோ சித்தாளோ. கையால் வரைந்ததில் இரண்டு முகம் ஒன்றுபோல் இருந்து நான் பார்த்ததில்லை.

என் ஓட்டு பொம்மைக்குத்தான். கிரகப்பிரவேசம் வந்தால் இறக்கிவிடுவார்கள். அதற்குள் போய்ப் பாருங்கள்.