‘புதுப் பற்றரி போட்ட’ ரொயோட்டா ஹைபிரிட் வாங்கப் போகிறீர்களா? முற்பணம் கொடுக்கமுதல் இதை வாசியுங்கள்

2013ஆம் ஆண்டு ரொயோட்டா அக்வா ஒன்று. “ஹைபிரிட் பற்றரி போன மாதம்தான் புதுசு போட்டது, ஒரு வருச வாரண்டி இருக்கு ஐயா” என்று சொல்லி யாழ்ப்பாணத்தில் ஒரு விற்பனை நிலையம் விற்றிருக்கிறது. வாங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 11ஆம் நாள் கொழும்புக்குப் போகும் வழியில், மாங்குளம் தாண்டியதும் சிவப்பு முக்கோண லைற் எரிந்தது, வேகம் விழுந்தது. விற்றவருக்கு அழைத்தால், “அது சின்னப் பற்றரி வீக், அதை மாத்துங்கோ, சரிவரும்” என்ற பதில். 12 வோல்ற் பற்றரியைக் காசு கொடுத்து மாற்றினார். மூன்றாம் நாள் அதே லைற் திரும்ப வந்தது. வாகனக் கணினியை வாசிக்கும் ஸ்கானரில் பி0ஏ80 என்ற பிழைக் கோட். ஹைபிரிட் பற்றரியை மாற்று என்பதுதான் அந்தக் கோட்.

பின் இருக்கையைக் கழற்றிப் பற்றரிப் பெட்டியைத் திறந்தபோது எல்லாம் வெளிச்சமானது. உள்ளே இருந்த 20 மொடியூல்களில் (பற்றரியைச் சேர்த்து ஆக்கும் தனித்தனிக் கட்டைகள்) மூன்று மட்டும் துடைத்து வைத்ததுபோல் இருந்தன. மிச்சம் 17இலும் பத்து வருடத் தூசி. செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு. அந்த மூன்றுக்கும் மேலே உள்ள தகடுகளை மட்டும் உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள், கோடு கோடாகத் தெரிந்தது. அந்த மூன்றும்கூடப் புதியவை அல்ல. வேறொரு வாகனத்தில் இருந்து கழற்றியவை, தொடர் இலக்கம் எங்கேயோ போகிறது. நடுவில் இருந்த இரண்டு மொடியூல்கள் வயிறு ஊதி நின்றன. குளிராக்கும் விசிறியின் இறகுகளில் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. இதற்குப் பெயர்தான் ‘புதுப் பற்றரி’.

இது ஒருவருக்கு மட்டும் நடந்த சங்கதி இல்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

வாகனத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கிச்சிரோ ரொயோடா 1937இல் தொடங்கிய நிறுவனம் 1993இல் ஜி21 என்ற திட்டத்தை எடுத்து, தகேஷி உச்சியமாடாவின் தலைமையில் 1997 டிசம்பரில் பிரியஸை விற்பனைக்கு விட்டது. பெருந்தொகையாய் உற்பத்தி செய்யப்பட்ட உலகின் முதல் ஹைபிரிட் கார் அதுதான். 2003இல் பிரியஸ் 20 (இரண்டாம் தலைமுறை), 2009இல் பிரியஸ் 30 (மூன்றாம் தலைமுறை), 2011 டிசம்பரில் அக்வா. சில வெளிநாடுகளில் பிரியஸ் சி என்று விற்றதும் இந்த அக்வாவைத்தான். ஜப்பானில் அக்வா அவ்வளவு விற்றது, அதனால் ஏலத்துக்கும் அவ்வளவு வந்தது, அங்கிருந்து இலங்கைக்கும் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் இருந்த வாகனங்களே கை மாறி மாறி ஓடின. பற்றரிகள் கிழவாகின, விலையோ ஏறியது. கள்ளவேலைக்கு இதைவிட வாய்ப்பான காலம் வராது.

இப்போது பற்றரிக்கு வருவோம். ஒரு மொடியூல் என்பது 1.2 வோல்ற் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் செல் ஆறு சேர்ந்தது, 7.2 வோல்ற், 6.5 அம்பியர் மணி. 2011இல் வந்த அந்த அக்வாவில் 20 மொடியூல், மொத்தம் 144 வோல்ற். பிரியஸ் 20, 30 இரண்டிலும் 28 மொடியூல், 201.6 வோல்ற். எல்லாம் தொடராக இணைந்திருப்பதால் ஒரே மின்னோட்டம் எல்லாவற்றின் ஊடாகவும் போகிறது. ஒன்றின் கொள்ளளவு 6இல் இருந்து 3க்கு இறங்கியிருந்தால், மற்றவை அரைவாசிக்கு வரும்போதே அது வெறுமையாகிவிடும். வெறுமையான பிறகும் மற்றவை தள்ளும் மின்னோட்டம் அதன் ஊடாகத்தான் போகும். சூடாகும், வாயு உண்டாகும், ஊதும். பிரியஸில் கணினி இரண்டிரண்டு மொடியூலாக, 14 தொகுதிகளாக வோல்ற்றைப் பார்க்கிறது. ஒரு தொகுதி மற்றவற்றைவிட அதிகம் விழுந்தால் லைற் போடுகிறது.

ஆகவே செத்த மூன்றை எடுத்துவிட்டு வேறு மூன்றைச் செருகினால் லைற் அணையும். அணைந்துதான் ஆகும். ஆனால் அடுத்த பலவீனமான மொடியூல் அங்கேயே வரிசையில் நிற்கிறது. இரண்டு கிழமையில் வரலாம், மூன்று மாதத்தில் வரலாம். விற்பவருக்குத் தேவை அந்த இரண்டு கிழமைதான்.

ஒழுங்கான மறுசீரமைப்பு என்று ஒன்று இருக்கிறது, அதைக் குறை சொல்லவில்லை. எல்லா மொடியூலையும் கழற்றி, இரு பக்கமும் தகடு வைத்து இறுக்கி (இறுக்காமல் மின்னேற்றினால் ஊதிவிடும்), ஒவ்வொன்றையும் மூன்று தடவையாவது ஏற்றி இறக்கி, கொள்ளளவை அளந்து எழுதி, ஒத்தவற்றை மட்டும் சேர்த்து, தகடுகளைச் சுத்தம் செய்து அல்லது மாற்றி, நட்டுகளை 5.4 நியூட்டன் மீற்றரில் இறுக்கவேண்டும். கூட இறுக்கினால் முனை பிளாஸ்டிக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும். இதற்கு நாட்கள் எடுக்கும். “காலமை விட்டா மத்தியானம் எடுக்கலாம்” என்று சொல்பவர் இதைச் செய்யவில்லை.

வாங்கமுன் என்ன பார்ப்பது?

முதலில் பொனற்றில் கை வையுங்கள். நீங்கள் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் திரும்பி வந்து, இன்னொரு நாள் காலையில் சொல்லாமல் போங்கள். பிரியஸ் 30இல் இது மிகவும் முக்கியம். அதன் 1.8 லீற்றர் எஞ்சினில் இ.ஜி.ஆர். (புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடும் அமைப்பு) குளிராக்கியும் குழாய்களும் கரி பிடித்து அடைபடும், பிறகு எஞ்சினின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கஸ்கெற் போகும். இரவு முழுக்க நின்ற வாகனத்தை ஸ்ராட் பண்ணும்போது எஞ்சின் கடகடவென்று உதறுவதும், கூலன்ற் மெல்ல மெல்லக் குறைவதும் அதன் அடையாளம். சூடாக்கி வைத்தால் உதறல் தெரியாது. அதற்காகத்தான் சூடாக்கி வைக்கிறார்கள். கூலன்ற் தாங்கிகள் இரண்டையும் திறந்து பாருங்கள், எஞ்சினுக்கு ஒன்று, பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேற்றருக்கு ஒன்று. ரொயோட்டாவின் கூலன்ற் இளஞ்சிவப்பு. பச்சையாகவோ வெறும் தண்ணீராகவோ இருந்தால் யாரோ நிரப்பி நிரப்பி ஓட்டியிருக்கிறார்கள்.

பின் இருக்கைப் பக்கமாகப் பற்றரி காற்று இழுக்கும் வாய் இருக்கும். அந்த மூடியைக் கழற்றுங்கள், ரோச் அடித்துப் பாருங்கள். பாடசாலைப் பை, துவாய், பிள்ளையின் இருக்கை எல்லாம் அந்த வாயை மூடித்தான் பல பற்றரிகள் செத்தன. எங்கள் வெயிலுக்கும் செம்மண் தூசிக்கும் சொல்லவும் வேண்டுமா? உள்ளே கம்பளி மாதிரித் தூசி இருக்க, பற்றரி மட்டும் புதுசு என்றால் நம்பாதீர்கள். புதுப் பற்றரி போடுபவர் விசிறியைச் சுத்தம் செய்யாமல் விடமாட்டார்.

அடுத்தது ஸ்கானர். வாகனக் கணினியின் துளையில் செருகும் புளூரூத் ஓ.பி.டி. கருவி ஒன்றும் கைப்பேசியில் டொக்டர் பிரியஸ் அல்லது ஹைபிரிட் அசிஸ்டன்ற் செயலியும் போதும். கோட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அதை அழித்துவிட்டுத்தான் காட்டுவார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது ‘கோட் அழித்தபின் ஓடிய தூரம்’ என்ற அளவு. பொதுவான ஓ.பி.டி. செயலிகளும் இதைக் காட்டும். அங்கே 6 கிலோமீற்றர் என்று இருந்தால் இன்று காலைதான் அழித்திருக்கிறார்கள். ஏன் அழித்தீர்கள் என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். 12 வோல்ற் பற்றரியைக் கழற்றிப் பூட்டினோம் என்பார்கள். அப்படியென்றால் 200 கிலோமீற்றர் ஓடித் திரும்பக் கொண்டுவாருங்கள், பிறகு விலை பேசுவோம் என்று சொல்லுங்கள்.

பிறகு தொகுதி வோல்ற். நிற்கும்போது எல்லாத் தொகுதியும் ஒரே மாதிரித்தான் காட்டும், செத்ததும் நல்லதுபோல் நிற்கும். பாரம் கொடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் கிடையாது, ஆகவே ஏ.சி.யை முழுதாகப் போட்டு, வெறும் தெருவில் 30இல் இருந்து 70 வரை அழுத்தி மிதித்து, பிறகு பிறேக் பிடித்து இறக்குங்கள். பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியைப் பார்க்கட்டும். கூடிய தொகுதிக்கும் குறைந்த தொகுதிக்கும் இடையில் 0.3 வோல்ற்றுக்குள் நின்றால் நல்லது. பாரம் ஏறும்போது 1 வோல்ற்றைத் தாண்டி விரிந்தால் அந்தப் பற்றரிக்கு ஆயுள் இல்லை. ஒரே தொகுதி திரும்பத் திரும்ப விழுகிறதா, அதன் இலக்கத்தைக் குறியுங்கள். பத்து நிமிட ஓட்டம் போதாது, அரை மணிக்கு மேல் ஓட்டுங்கள். திரையில் பற்றரிக் கட்டங்கள் சட்டென்று நிரம்பிச் சட்டென்று இரண்டுக்கு இறங்குவதும், பின்னால் விசிறி இரைவதும்கூடச் சொல்லித் தரும் அடையாளங்களே.

அந்த ஓட்டத்திலேயே பிறேக்கையும் கேளுங்கள். வாகனம் நிற்க, ரெடி நிலையில், பிறேக்கை மிதிக்காமல் இருக்கும்போதே பம்ப் ‘ர்ர்’ என்று அடிக்கடி ஓடினால் அழுத்தம் உள்ளே கசிகிறது. பிறேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் இந்த அக்சுவேற்றரை மாற்றுவது சின்னச் செலவு இல்லை.

மீற்றர் குறைப்பும் ஏலத் தாளும்

ஜப்பான் ஏலத்தில் வாகனத்தின் நிலையை எழுதிக் கொடுக்கும் ஏலத் தாளைக் கணினியில் திருத்துவதும் நடக்கிறது. ஜப்பானிய ஏலத் தாளில் 4.5, 4, 3.5 என்று தரம் இருக்கும். ஆர் அல்லது ஆர்.ஏ. என்றால் அடிபட்டுத் திருத்திய வாகனம். உடலின் படத்தில் ஏ என்றால் கீறல், யு என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் திருத்திய அலை, இரண்டு எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். படத்தில் இரண்டு எக்ஸும் மூன்று டபிள்யூவும் இருக்கத் தரம் மட்டும் 4.5 என்று நின்றால் அந்த இலக்கம் பிறகு போட்டதோ என்று சந்தேகப்படுங்கள். விற்பவர் கையில் தரும் தாளை நம்பாமல், சசி இலக்கத்தைக் கொண்டு நீங்களே தாளை எடுப்பியுங்கள். ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கிய ஜப்பானியச் சான்றிதழிலும் கிலோமீற்றர் எழுதியிருக்கும், அதையும் கேளுங்கள்.

பிறேக் பாட் தேயவில்லை, ஆகவே ஓட்டம் குறைவு என்று சிலர் காட்டுவார்கள். ஹைபிரிட்டில் வேகத்தைக் குறைப்பதில் பெரும்பகுதியை மோட்டர் செய்கிறது, பாட் நெடுநாள் கிடக்கும். அதைப் பார்க்காமல் பிறேக் மிதியின் இறப்பரையும், ஸ்டியரிங்கின் வலப்பக்கத்தையும், சாரதி இருக்கையின் கதவுப் பக்க ஓரத்தையும் பாருங்கள்.

பற்றுச்சீட்டு எழுதும்போது ‘பற்றரி வாரண்டி 1 வருடம்’ என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சசி இலக்கம், பற்றரியின் தொடர் இலக்கம், அன்றைய கிலோமீற்றர், மொடியூல்கள் அத்தனையும் புதியவையா அல்லது சில மட்டும் மாற்றியவையா, லைற் வந்தால் முழுப் பற்றரியா ஒற்றை மொடியூலா தருவார்கள், வேலைக்கூலி யார் தலையில் — இவ்வளவும் எழுத்தில் வரவேண்டும். ஆசிரியரின் சீட்டில் இதில் ஒன்றுகூட இல்லை. கேட்டபோது “வாரண்டி எண்டா மொடியூல் மாத்தித் தருவம்” என்றார்கள். அப்படியே செய்தால் அவர் ஒவ்வொரு மாதமும் போய் நிற்கவேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: உடனே ஸ்கானர் அறிக்கையை எடுத்துத் திகதியோடு வையுங்கள், கோட்டை அழிக்க விடாதீர்கள். விற்றவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கலாம், ஆனால் முறைப்பாட்டை வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். நாளைக்கு வா, மற்றக் கிழமை வா என்று இழுத்தடிப்பது அந்த மூன்று மாதத்தைக் கடத்தத்தான்.

பெட்டியை நீங்களாகத் திறக்கவேண்டாம். அக்வாவில் 144 வோல்ற், இன்வேற்றருக்குள் அது 520 வரை ஏறும். பிரியஸ் 30இல் 650. உயர் மின்னழுத்தம் போகும் செம்மஞ்சள் வயரைத் தொடமுன், பற்றரியைத் துண்டிக்கும் சேவிஸ் பிளக்கைக் கழற்றி 10 நிமிடம் காத்திருக்கவேண்டும், மின்காப்புக் கையுறை போடவேண்டும். அது தெரிந்தவரின் வேலை. ஆனால் அவர் திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பழையதைக் கழற்றும்போதும் மாற்றியதைப் பூட்டும்போதும் ஒவ்வொரு மொடியூலின் இலக்கத்தையும் படம் எடுங்கள். கழற்றிய மொடியூல்களை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.