மூன்றரை வயதில் வாங்கிய கீபோர்டு: ஒன்றாம் வகுப்பு வரைக்குமான அனுபவம்

மகளுக்கு மூன்றரை வயதானபோது 61 கட்டை கீபோர்டு ஒன்று வாங்கினோம். இப்போது ஒன்றாம் வகுப்பு போகிறாள், கீபோர்டும் புழக்கத்தில்தான் இருக்கிறது. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு வாங்கலாமா, பியானோவேதான் வேண்டுமா, வகுப்பில் எப்போது சேர்ப்பது என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில். வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம். செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த மாவட்டம் இது. பாலக்காட்டில் அவர் பெயரிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. அதனால் வாய்ப்பாட்டுக்குக் குறைவில்லை. பியானோ என்றால் எங்களுக்குப் பாலக்காடு, இல்லாவிட்டால் கோயம்புத்தூர். மூன்றரை வயதுப் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றி அவ்வளவு தூரம் கூட்டிப்போவதில் எனக்கு விருப்பமில்லை. முதல் இரண்டு வருஷம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

அசல் பியானோவை நாங்கள் யோசிக்கவில்லை. உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள், மரமும் கம்பளியும் சேர்ந்த பொறி. வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுருதி சேர்க்க ஆள் வரவேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உலர்த்திப் போட்ட வீட்டில் ஜூன் மாதம் மழை பிடித்தால் கதவே உப்பி மூடமாட்டேன் என்கிறது, பியானோ என்ன செய்யும்! 88 கட்டை டிஜிட்டல் பியானோவும் அப்போது விலை அதிகம். அதே சமயம், பொம்மைக் கடையில் தொங்கும் குட்டிக் கட்டை கீபோர்டையும் வேண்டாம் என்றேன். அதில் பழகிய கைக்குப் பிறகு நிஜ அளவு புதிதாகிவிடும்.

நிஜ அளவில் ஐந்து வெள்ளைக் கட்டைகளின் அகலம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். மூன்றரை வயதுக் கை அதற்கு விரியாது, விரிக்கவும் கூடாது. ஆகவே கறுப்புக் கட்டையில் தொடங்கினோம். அவை இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் மேடாக நிற்பதால் குழந்தை தடவியே கண்டுபிடித்துவிடும். மூன்றாக இருக்கும் கூட்டத்தின் முதல் கட்டையை ச என்று வைத்து, கறுப்பை மட்டும் வரிசையாகத் தொட்டுப் போனால் ச ரி க ப த, அதாவது மோகன ராகம். எந்தக் கறுப்பைத் தொட்டாலும் ராகத்துக்குள்ளேயே இருக்கிறது, காதை உறுத்தும் சேர்க்கை அநேகமாக வருவதில்லை. ஒற்றை விரலால் அவள் மனம்போல் தட்டிக்கொண்டிருக்க, நான் கீழே இரண்டு கட்டைகளை அழுத்திப் பிடித்து சுருதி கொடுப்பேன். பல மாதம் இதுதான் எங்கள் "பாடம்". இதைவிட நல்ல தொடக்கம் இருப்பதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை.

கட்டைகளின் மேல் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டவில்லை. ஒட்டினால் பிள்ளை எழுத்தைத்தான் பார்க்கும். இரண்டு கறுப்புக்கு இடதுபக்க வெள்ளை, மேற்கத்திய ஸ்வரப் பெயரில், "சி" என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால் கீபோர்டு முழுக்க வழி தெரிந்துவிடும்.

அப்புறம், விரலுக்கு முன்னால் குரல். இதை எங்கள் அம்மாதான் பிடிவாதமாகச் செய்தார். அம்மிச்சி, அதாவது பாட்டி, பாடினால் இவளும் பாடுவாள், கை தட்டுவாள், தாளத்துக்கு நடப்பாள். இசைக் கல்வியில் பெயர்பெற்றவர்களான ஹங்கேரியின் கோடாய் பாட்டிலிருந்து தொடங்கச் சொன்னதும், சுவிட்சர்லாந்தின் டால்குரோஸ் உடம்பு அசைவில் தாளத்தைக் கற்பித்ததும், குழந்தை தாய்மொழியைக் கேட்டுக் கேட்டுப் பேசுவதுபோல இசையும் வரட்டும் என்று ஜப்பானின் சுசுகி சொன்னதும் இதைத்தான். பாடிப் பழகிய வரியைக் கட்டையில் தேடச் சொன்னால் தானே தேடுகிறாள். பாடாத வரியை விரல் எண் சொல்லிக் கொடுத்தால் அடுத்த நாள் மறந்துவிடுகிறது.

நாலரை வயதுக்கு மேல் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, அதாவது கர்நாடக சங்கீதத்தின் தொடக்கப் பயிற்சி. அழுத்தும் கட்டை மாறாமல் ஒலிக்கும் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் வசதி இங்கேதான் கைகொடுத்தது. மைனஸ் ஐந்தில் வைத்தால் சி கட்டையை அழுத்தும்போது பாடுகிறவர்கள் ஐந்து கட்டை என்கிற சுருதி, அதாவது ஜி, ஒலிக்கும். அம்மாவுக்குப் பாடத் தோதான சுருதி, பிள்ளைக்கு விரல் வைக்கத் தோதான இடம், இரண்டும் சேர்ந்தன. அவளுக்கு அந்தச் சுருதி தாழ்வாக இருக்கும் நாளில் இரண்டு படி ஏற்றிக்கொள்வோம். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, கட்டையில் வராது, அதைக் குரலில்தான் கற்க வேண்டும். இப்போது பியானோ டீச்சரிடம் போவதால் அந்தப் பாடம் படிக்கும்போது டிரான்ஸ்போஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது ஐந்து கோட்டு மேற்கத்திய இசைக் குறியீட்டில், சி என்று எழுதியிருந்தால் சி-தான் கேட்க வேண்டும்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: டச் ரெஸ்பான்ஸ். மெல்லத் தொட்டால் மெல்ல, அழுத்தித் தொட்டால் பலமாக ஒலிக்க வேண்டும். அது இல்லாத மாடலில் எப்படித் தட்டினாலும் ஒரே சத்தம், பிள்ளையின் காது அதற்கே பழகிவிடும். நூற்றுக்கணக்கான டோன், ரிதம் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதற்கு மதிப்பே கொடுக்க வேண்டாம். ஆட்டோ ரிதம் பட்டனை அழுத்தினால் கீபோர்டே கச்சேரி செய்கிறது, பிள்ளை ஆடப் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் பியானோ டோனும் ஆர்கன் டோனும்தான். மேலிருந்து வண்ணப் பட்டைகள் விழும் செயலிகளும் எனக்குப் பிடிக்கவில்லை. கண் வண்ணத்தைத் துரத்துகிறது, காது சும்மா இருக்கிறது.

உட்காரும் உயரம் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அவ்வளவு முக்கியம். முழங்கையும் கட்டையும் ஒரே மட்டத்தில், கால் அந்தரத்தில் தொங்காமல். சாப்பாட்டு மணை ஒன்றைக் காலுக்குக் கீழே போட்டோம். நேரம் பத்து நிமிஷம், அவளே எழுந்தால் அத்தோடு சரி.

பராமரிப்பில்தான் சங்கடப்பட்டோம். ரேஷன் கடைத் தெருவோரம் வீடு, புழுதி ஏராளம். இரண்டாவது வருஷக் கோடையில் நடுவில் ஒரு கட்டை ஊமையானது, பக்கத்துக் கட்டை எப்படித் தொட்டாலும் கத்தியது. கட்டைக்கு அடியில் ரப்பர் பட்டை இருக்கிறது. டச் ரெஸ்பான்ஸ் உள்ளவற்றில் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு தொடுபுள்ளிகள். முதலாவதைத் தொட்டு இரண்டாவதைத் தொட எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் வேகத்தை அது கணக்கிடுகிறது. தூசி அடைந்தால் கணக்கு தப்பிவிடும். பொள்ளாச்சியில் ரிப்பேர் செய்பவர் கழற்றித் துடைத்ததும் சரியாகிவிட்டது. உள்ளே எறும்பும் இருந்ததாம். அன்றிலிருந்து வாசித்து முடித்ததும் துணி மூடுகிறோம், கீபோர்டு பக்கத்தில் பிஸ்கட் கிடையாது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் பேட்டரியில் ஓடுகிறது. ஆனால் உபயோகிக்காத நாட்களில் பேட்டரியை உள்ளே விட்டுவைத்தால் கசிந்து கெடுக்கும், எடுத்துவிட வேண்டும்.

ஆறு வயதை ஒட்டித்தான் வகுப்பில் சேர்த்தோம். இசைப் பரீட்சை நடத்தும் பிரிட்டிஷ் அமைப்புகளான டிரினிட்டியிலும் ஏபிஆர்எஸ்எம்மிலும் முதல் கிரேடுக்கு முன்னால் இனிஷியல் என்று ஒன்று இருப்பதால், சேர்ந்த உடனே பரீட்சைக்குக் கட்டச் சொல்கிறவர்கள் உண்டு. நான் கட்டவில்லை. பரீட்சைக்கான மூன்று உருப்படியை மட்டும் ஒரு வருஷம் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தால் இந்த வயதில் ஆசை வற்றிவிடும்.

இந்தக் கீபோர்டு இனி அதிக நாள் போதாது. கட்டைகள் இலேசாக இருப்பதால் விரலில் வலு ஏறவில்லை என்று டீச்சர் சொல்கிறார், எனக்கும் அது தெரிகிறது. அடுத்த கோடை விடுமுறைக்குள் கனமான கட்டை கொண்ட 88 கட்டை டிஜிட்டல் பியானோ வாங்கப் பணம் சேர்க்கிறோம். பழையது தம்பிக்கு. அவனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது, கறுப்புக் கட்டைகளை இப்போதே தேடித் தொடுகிறான்.