கலர் மாறும் பிரிண்டர்: பொத்தானா, வெந்நீரா, ஊசியா, புதுசா?

கன்னியாகுமரி அஸ்தமனப் படம் ஒன்றை பிரிண்ட் எடுக்கிறீர்கள். ஆரஞ்சு வானம் எலுமிச்சை மஞ்சளாக வந்தால் மெஜந்தா எனும் ரோஸ் மை வரவில்லை என்று அர்த்தம். கடல் ரோஸ் நிறத்தில் வந்தால் சயான் எனும் நீல மை போய்விட்டது. கரையோரத் தென்னை நீலமாக நின்றால் மஞ்சள் அடைத்துக்கொண்டது. கார்ட்ரிட்ஜைக் கழற்றும் முன்பே இவ்வளவு தெரிந்துவிடும். உறுதி செய்துகொள்ள, மை வரும் துளைகளைச் சோதிக்கும் நாஸில் செக் பக்கம் ஒன்று எடுங்கள். அதில் எல்லா நிறக் கோடுகளும் உடையாமல் வந்திருந்தால் கார்ட்ரிட்ஜ் மேல் குற்றமில்லை. பேப்பர் செட்டிங் மாறியிருக்கும், அல்லது போட்டோ பேப்பரை மறுபக்கம் வைத்திருப்பீர்கள். ஆடியிலும் ஐப்பசியிலும் மழை பார்க்கிற மாவட்டம் நம்முடையது. பிரித்துப் போட்ட பேப்பர் கட்டு ஈரம் இழுத்து, மை பரவி, கலர் மங்குவதும் உண்டு.

சரி, கோடு உடைந்துதான் வருகிறது. வைத்தியத்துக்கு முன் ஹெட் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹெச்பி 680, 803, கேனான் 745, 746 போன்றவற்றில் மை தெளிக்கும் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கும். கார்ட்ரிட்ஜ் மாற்றினால் ஹெட்டும் புதுசு. பாட்டில் மையை ஊற்றி நிரப்பும் எப்சன் டேங்க் பிரிண்டர்களில் ஹெட் மெஷினுக்குள் நிலையாக உட்கார்ந்திருக்கும். முதல் வகையில் துணிந்து கை வைக்கலாம். இரண்டாவதில் அவசரப்பட்டால் செலவு பெரிதாகும்.

பொத்தான் வைத்தியம்தான் எல்லோரும் முதலில் செய்வது. ஹெட் கிளீனிங் கொடுத்தால் மெஷின் மையை இழுத்து அடைப்பைத் தள்ளப் பார்க்கும். கோட்டில் ஒன்றிரண்டு இடைவெளி என்றால் இது போதும். ஆனால் ஒரு நிறம் அடைத்திருந்தாலும் மற்ற நிற மையும் சேர்ந்தே செலவாகும். அந்த மை உள்ளே இருக்கும் கழிவு மைப் பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிறைந்துவிட்டதாக எப்சன் கணக்குப் போட்டுவிட்டால் பிரிண்ட் எடுக்கவே விடாது. அதனால் இரண்டு மூன்று முறை கொடுத்தும் மாற்றமில்லை என்றால் ஒரு ராத்திரி சும்மா விட்டு, காலையில் மறுபடி பாருங்கள். ஊறிய அடைப்பு தானே விடுவது உண்டு.

ஹெட் உள்ள கார்ட்ரிட்ஜுக்கு என் ஓட்டு வெந்நீருக்கு. அதுவும் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். இன்வெர்ட்டருக்கு ஊற்ற வாங்கிய டிஸ்டில்டு வாட்டர் வீட்டில் இருக்குமே, அதில் கொஞ்சம் கை பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சினால் போதும். டிஷ்யூவை நாலாக மடித்து நனைத்து, ஒரு தட்டில் வைத்து, கார்ட்ரிட்ஜின் நாஸில் பக்கம் கீழே இருக்கும்படி சில நிமிடம் நிறுத்துங்கள். மெஷினோடு மின் இணைப்பு கொடுக்கும் செம்புப் புள்ளிகள் உள்ள பக்கம் நனையக் கூடாது. அப்புறம் காய்ந்த டிஷ்யூவில் மெல்ல ஒற்றி எடுங்கள். தேய்த்தால் ஒரு நிறம் அடுத்த நிறத்தின் துளைக்குள் போய்விடும். டிஷ்யூவில் சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று கோடு அருகருகே பதிந்தால் வழி திறந்திருக்கிறது. இரண்டு மட்டும் பதிந்தால் இன்னும் ஊறட்டும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கார்ட்ரிட்ஜோடு வந்தார். “தம்பி, கடையில ஹெட் போச்சுன்னு சொல்லிட்டானுவ, இதத் தூரப் போடட்டா?” டிஷ்யூவில் மூன்று கோடும் பளிச்சென்று பதிந்தன. செம்புப் புள்ளிகளில்தான் மை காய்ந்து அப்பியிருந்தது. துணியை லேசாக நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போட்டதும் கலர் வந்தது.

எவ்வளவு ஊறவைத்தும் ஒரு நிறம் மட்டும் பதியவில்லை என்றால் அது தீர்ந்திருக்கலாம். ஊசியால் மை நிரப்பும் வேலை அப்போதுதான். மேல் ஸ்டிக்கரை உரித்தால் கலர் கார்ட்ரிட்ஜில் துளைகள் தெரியும். எந்தத் துளை எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பல்குத்தும் குச்சியை விட்டு எடுத்து, ஒட்டிய நிறத்தைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். உள்ளே பஞ்சு. பையப் பைய, துளைக்கு ஓரிரு மில்லி. பொங்கினால் மூன்று நிறமும் கலந்து, மஞ்சள் கேட்ட இடத்தில் சேறு வரும். மை தீர்ந்தது தெரிந்தும் பிரிண்ட் கொடுத்துக்கொண்டே இருப்பது இன்னொரு தப்பு. இந்த ஹெட்கள் மையைச் சூடாக்கிக் குமிழ் எழுப்பித் தெளிப்பவை. மை இல்லாமல் ஓடினால் சூடாக்கும் பாகமே கருகிவிடும். அப்படிக் கருகியதை வெந்நீரும் காப்பாற்றாது, ஊசியும் காப்பாற்றாது. சட்டையில் மை தெறிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ரீஃபில் கடையில் கொடுத்துவிடலாம். உறிஞ்சி எடுக்கும் கருவி அவர்களிடம் இருந்தால் வீட்டை விட வேலை சுத்தமாக நடக்கும்.

புது ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் தலைவலி இல்லாத வழி, பர்ஸுக்குத்தான் வலி. 680 கலர் கார்ட்ரிட்ஜ் சுமார் 150 பக்கம், கறுப்பு சுமார் 480 பக்கம் என்பது கம்பெனிக் கணக்கு. அதுவும் பக்கத்தில் லேசாக மை படும் கணக்கு. பள்ளி பிராஜெக்டுக்கு முழுப் பக்கப் படம் எடுத்தால் பாதி கூட வராது.

அப்படியென்றால் டேங்க் பிரிண்டர்தானே லாபம்? எப்சன் 003 பாட்டில் 65 மில்லி. கறுப்பு ஒன்று சுமார் 4,500 பக்கம், கலர் மூன்றும் சேர்ந்து சுமார் 7,500 பக்கம். பக்கத்துக்கான செலவில் கார்ட்ரிட்ஜ் கிட்டவே வராது. டியூஷன் எடுக்கும் வீட்டுக்கும், தினமும் ஆதார் நகலும் விண்ணப்பமும் எடுக்கும் கடைக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் பள்ளி திறக்கும்போது நாலு பக்கம், அப்புறம் பொங்கலுக்கு இரண்டு பக்கம் என்று இருக்கும் வீட்டில் டேங்கும் காய்ந்துதான் போகும். அங்கே அடைப்பது மெஷினுக்குள் இருக்கும் ஹெட்; மாற்றப் போனால் மெஷின் விலையில் பெரும்பங்கு கேட்பார்கள். அந்த வீட்டுக்குப் பழைய கார்ட்ரிட்ஜ் மெஷினே போதும். வாரம் ஒரு கலர் பக்கம் எடுத்துவிட்டு, சுவர் ஸ்விட்சைத் தட்டாமல் மெஷினின் பவர் பொத்தானை அழுத்தி அணையுங்கள். அப்போதுதான் ஹெட் அதன் மூடியில் போய் ஒழுங்காக உட்காரும்.