ஃபார்மலினா, நேராக ஆல்கஹாலா? பழவேற்காட்டுப் புழுக்களுக்கு எது சரி

பழவேற்காட்டு ஏரியின் சேற்றில் பாலிகீட்டா புழு (உடலின் இரு பக்கமும் முள்முடிகள் கொண்ட வளையப்புழு) சேகரிப்பவர்கள், அந்தப் பக்கம் தடாவோ இந்தப் பக்கம் ஆரம்பாக்கமோ, ஒரு விஷயத்தில் முதலிலேயே முடிவெடுத்தாக வேண்டும். புழுவைக் கெடாமல் வைக்க ஃபார்மலினில் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) போட்டுப் பிறகு ஆல்கஹாலுக்கு மாற்றுவதா, இல்லை எடுத்த கையோடு ஆல்கஹாலிலேயே போடுவதா? நான் ஃபார்மலின் வழிக்கு வந்துவிட்டேன்.

ஃபார்மலின் மூக்கைத் துளைக்கும், புற்றுநோய் வரவைக்கக்கூடியது. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ஆல்கஹாலில் அந்தப் பயம் இல்லை. ஆனால் வாங்க அனுமதிக்கு அலைய வேண்டும், தீப்பிடிக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது புழுவின் வாய். நீரிஸ் குடும்பத்துப் புழுவை இனம் பிரிக்க, உள்ளே இழுத்துக்கொள்ளும் தொண்டைக்குழல் வெளியே வந்திருக்க வேண்டும். அதன் நுனியில் வளைந்த இரண்டு கருந்தாடைகள், சுற்றிலும் கடுகு தூவினாற்போல் பழுப்புப் பற்கள். அந்தப் பற்கள் எந்தப் பகுதியில், எந்த வடிவில் இருக்கின்றன என்பதில்தான் பேரினமே பிரிகிறது. எண்ணிட்டுப் பிரித்த குழலின் ஆறாம் பகுதியில் பற்கள் பட்டையாக இருந்தால் பெரினீரிஸ் பேரினம். குழலில் இந்தப் பற்களே இல்லையென்றால் நமலிகாஸ்டிஸ் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். நடு உடலில் இறகு போன்ற செவுள் தெரிந்தால் டென்ட்ரோநீரிஸ்.

உயிருள்ள புழுவை நேராக ஆல்கஹாலில் போட்டால் சுருங்கி, குழலை உள்ளே இழுத்துக்கொண்டு விறைத்துவிடும். அப்புறம் கீழ்ப்பக்கம் கீறித்தான் பார்க்க வேண்டும். அதனால் முதலில் 7 சதவீத மெக்னீசியம் குளோரைடு கரைசலை ஏரித் தண்ணீருடன் சரிபாதியாகக் கலந்து அதில் விட்டு மயக்குகிறேன். (மழையில் நன்னீர் போலவும் கோடையில் கடலைவிட உப்பாகவும் மாறும் ஏரி இது. அன்று புழு கிடந்த தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள்.) தொட்டாலும் அசையாத நிலை வந்ததும் தலைக்குப் பின்னால் இடுக்கியால் மெல்ல அழுத்தினால் குழல் பிதுங்கி வெளியே வரும். அந்த நிலையிலேயே ஃபார்மலின் பிடித்து வைத்துக்கொள்கிறது.

மயக்கிவிட்டு ஆல்கஹாலில் போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் திசுவின் நீரை ஆல்கஹால் உறிஞ்சுவதால் புழு நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. பக்கக்காலைத் திருப்பி அதிலுள்ள முள்முடிகளான சீட்டாக்களைப் பார்க்கப் போனால் காலே கையோடு வரும். செதில்புழுக்களின் செதில்கள் பாட்டிலின் அடியில் கிடக்கும். ஃபார்மலினில் இறுகிய புழுவோ வளைத்தால் வளையும்.

கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, உப்புநீர் ஒன்பது பங்கு, கொஞ்சம் போராக்ஸ். ஓரிரு நாள் வைத்து, நன்றாகக் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிவிடுங்கள். போராக்ஸை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் ஃபார்மலின் அமிலமாகிப் புளித்தால் சுண்ணாம்புக் குழாய் கட்டும் புழுக்களின் குழாய் கரையும். குழாய்ப்புழுக்களை நான் அதிகம் கையாண்டதில்லை, அதனால் அவற்றைப் பற்றி இதற்குமேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

ஆல்கஹால் ஜெயிக்கும் இடம் மரபணு. ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். தோற்றத்தை மட்டும் நம்பி உலகமெங்கும் ஒரே இனம் என்று எழுதிவந்த மார்பைசா (இன்னொரு பாலிகீட்டா பேரினம்) புழுக்கள் தனித்தனி இனங்களாகப் பிரிந்துகொண்டிருக்கும் காலம் இது. சென்னையின் பழைய பெயரைத் தாங்கிய மார்பைசா மதராசி புதிய இனமாக விவரிக்கப்பட்டதே 2020-இல்தான். ஆகவே ஃபார்மலினுக்கு முன்பே நடு உடலின் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு மூன்று பக்கக்கால்களை வெட்டித் தூய ஆல்கஹாலில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். மறுபக்கம் விவரணைக்கு அப்படியே இருக்கும். இரண்டு பாட்டிலுக்கும் ஒரே எண், பென்சிலில் எழுதிய சீட்டு உள்ளே. பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.